மூன்றே சொல்லில் மூடிய டிக்கெட்: ஐடி பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐடி பிரிவில் இருக்கும் தம்பிமார்களுக்கும், அவர்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போடும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சில மாதம் முன்னால் உங்கள் பிரிவுக்கு நான் போட்ட டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, நீங்கள் மூன்றே சொல்லில் மூடிவிட்டீர்கள்: "ஆதரவு இல்லாத சாதனம்." மூடிய டிக்கெட்டுக்குப் பதில் எழுத அந்தப் பக்கத்தில் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் கம்பெனிக்கு மட்டும் நடந்த கதை என்றால் நேரில் வந்து பேசியிருப்பேன். ஆனால் காலை பஸ்ஸில் என்னோடு வரும் மெடிக்கல் ரெப், கட்டட வேலை பார்க்கும் சைட் சூபர்வைசர், கடன் வசூலுக்குப் போகும் தம்பி என்று ஆளாளுக்கு இதே மூன்று சொல்லை வாங்கி வைத்திருக்கிறார்கள். எந்த ஆபீஸில் இருந்தாலும் இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் நூற்பாலை மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பவன். மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் வெளியூர். திங்கள் விடியற்காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் உடுமலை, திண்டுக்கல், ராஜபாளையம் என்று சுற்றிவிட்டு வெள்ளி ராத்திரிதான் வீடு. ஆபீஸில் எனக்கு என்று ஒரு மேஜை உண்டு. கடைசியாகப் பார்த்தபோது அதன்மேல் பேரிங் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என் ஆபீஸ் என்பது சட்டைப்பையில் இருக்கிற போன்தான்.

அந்த போன் 2018 தீபாவளிக்கு வாங்கியது. ஆண்ட்ராய்டு 8.1. பேட்டரி ஒரு தடவை மாற்றியாகிவிட்டது, மேலே ஒட்டிய கண்ணாடி நாலாவது. பேசலாம், வாட்ஸ்அப் ஓடுகிறது, டீக்கடையில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்கலாம், மேப் வழி காட்டுகிறது. வாங்கின வாரமே ஆபீஸ் மெயிலையும் அதில் போட்டுவிட்டார்கள். அப்போது ஐடியில் இருந்த தம்பி, சர்வர் பெயர், உள்ளே வரும் மெயிலுக்கு 993, வெளியே போகும் மெயிலுக்கு 587, பாஸ்வேர்ட் என்று நாலு வரி அடித்தார். என் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் சுற்றறிக்கை வந்தது. மெயில் எல்லாம் கிளவுடுக்கு, அதாவது வெளிக் கம்பெனி இணையத்தில் நடத்தும் சேவைக்கு, மாறுகிறது, அடுத்த திங்கள் முதல் மொபைலில் அனுமதிக்கப்பட்ட செயலி வழியாக மட்டுமே பார்க்கலாம் என்று. வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். நான் அப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் இருந்தேன்.

சரி, செயலியை இறக்கிவிடலாம் என்று ப்ளே ஸ்டோருக்குப் போனால், இந்தப் பதிப்பு உங்கள் சாதனத்துக்கு ஒத்துவராது என்றது. அப்படியானால் போனோடு வந்த மெயில் செயலியிலேயே புதுக் கணக்கைப் போடுவோம் என்று பார்த்தேன். பாஸ்வேர்ட் தவறு என்றது. பாஸ்வேர்ட் தவறு இல்லை. அன்று காலைதான் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயிருந்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. ஐந்தாவது தடவையில் கணக்கே பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கச் சொல்லித்தான் அந்த டிக்கெட். பூட்டைத் திறந்துவிட்டீர்கள், நன்றி. மெயில் மட்டும் வரவில்லை.

இப்போது என் தொழில் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். மில்லில் இருந்து எனக்கு வரும் போனில் பத்துக்கு ஒன்பது "மெஷின் ஓடலைங்க" என்றுதான் ஆரம்பிக்கும். நான் "ஓடாத மெஷின்" என்று எழுதி மூடிவிட முடியாது. கரண்ட் வருகிறதா, டிரைவில் என்ன ஃபால்ட் எண் காட்டுகிறது, சென்சார் லைட் எரிகிறதா, நேற்று யாராவது கை வைத்தார்களா என்று கேட்பேன். பாதி சமயம் நான் பஸ் ஏறுவதற்கு முன்பே மெஷின் ஓடிவிடும். "ஆதரவு இல்லை" என்பதும் "மெஷின் ஓடலை" மாதிரிதான். அதற்குள் குறைந்தது நாலு விதமான பழுது இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம். நீங்கள் கேட்கவில்லை என்பதால் ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து நானே என் போனுக்கு ஃபால்ட் பார்த்தேன்.

முதல் பழுது, செயலியே இறங்காதது. இதில் போனுக்கு ஒரு கோளாறும் கிடையாது. செயலியைச் செய்பவர் எந்த ஆண்ட்ராய்டு வரை கவனித்துக்கொள்வது என்று ஒரு கோடு கிழிக்கிறார், நம் போன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் செயலிகளுக்கு 2019-இல் வைத்த கோடு, கடைசி நாலு ஆண்ட்ராய்டு பதிப்புகள். ஆண்ட்ராய்டு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 8.1-ஓடு கடைக்கு வந்த என் மாதிரி போன், 2021 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 12 வெளியானதும் அந்த நாலில் இருந்து விழுந்துவிட்டது. வாங்கி மூன்று வருஷம். மாதத் தவணையில் வாங்கியவன் தவணை முடித்து மூச்சு விடுவதற்குள் போன் கிழடாகிவிடுகிறது.

விலை உயர்ந்த போன்களில் நிலைமை மாறியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். 2023-இல் வந்த கூகுளின் பிக்ஸல் 8-க்கும், 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் என்று அந்தக் கம்பெனிகள் சொல்கின்றன. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடப்புக்கு வந்திருக்கிறது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கொடுக்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஃபிட்டர் தம்பிகள் கையில் இருப்பது எஸ்24 இல்லை.

இரண்டாவது பழுதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. சரியான பாஸ்வேர்டைத் தவறு என்று சொன்னதே, அது. பழைய முறையில் போன் ஒவ்வொரு தடவை சர்வரைத் தட்டும்போதும் பெயரையும் பாஸ்வேர்டையும் கூடவே கொடுக்கும். திருடனும் அதே வழியில் ஆயிரம் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். ஓடிபி கேட்க வழியே இல்லை. புது முறையில் பாஸ்வேர்டை மெயில் செயலியிடம் கொடுப்பதே இல்லை. சேவையின் சொந்தப் பக்கம் திறக்கும், அங்கே பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டால் செயலிக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். கோயிலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. தொலைந்தால் அந்த டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம். ஓஆத் என்று பெயர். கூகுள் தனிநபர் கணக்குகளுக்குப் பழைய முறையை 2022 மே 30-இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட், கம்பெனிகளுக்கான தன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் 1 முதல் அணைக்கத் தொடங்கியது.

இது சரியான முடிவு. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மைக்ரோசாஃப்ட் இதை முதலில் சொன்னது 2019 செப்டம்பரில். 2020 அக்டோபரில் செய்வதாக இருந்ததைக் கோவிட் வந்ததும் தள்ளிப்போட்டார்கள். ஆக மூன்று வருஷ அவகாசம். எங்களுக்கு நீங்கள் கொடுத்தது வியாழன் சாயங்காலத்தில் இருந்து திங்கள் காலை வரை.

இன்னொன்று. என் போனோடு வந்த மெயில் செயலிக்கு இந்த டோக்கன் முறை தெரியாது. போனுக்கே அது முடியாது என்று இல்லை. கே-9 மெயில் என்று பல வருஷமாக இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலி இருக்கிறது. மூல நிரல் திறந்தே இருக்கும், விளம்பரம் கிடையாது. 2022-இல் அதற்கு ஓஆத் வந்தது. அதே வருஷம், கம்ப்யூட்டரில் பலர் வைத்திருக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியின் குடும்பத்தோடு சேர்ந்தது. 2024 அக்டோபரில் தண்டர்பேர்ட் என்ற பெயரிலேயே ஆண்ட்ராய்டுக்கு வெளியானபோது ஆண்ட்ராய்டு 5 இருந்தாலே போதும் என்றார்கள். என் 8.1-இல் தாராளமாக இறங்கியது. ஆபீஸ் மெயில் முகவரியைப் போட்டேன். உள்நுழையும் பக்கம் திறந்தது. பாஸ்வேர்ட் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஓடிபி வந்தது, போட்டேன். அப்புறம் ஒரு பக்கம் வந்தது: இந்தச் செயலிக்கு உங்கள் நிர்வாகியின் ஒப்புதல் தேவை.

லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கதவு வரை என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருந்தது. உங்கள் திரையில் ஐமேப் என்று, இப்படிப்பட்ட செயலிகள் மெயிலை எடுக்கும் வழிக்கு ஒரு சுவிட்ச், இந்தச் செயலியை அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி. இரண்டுக்கும் "வேண்டாம்" என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஐமேப் வழியாக வந்தால் மெயில் முழுக்க போனில் இறங்கிவிடும், அதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது என்பது நியாயமான காரணமும்கூட. ஆனால் அது உங்கள் முடிவு. அதை என் போனின் குறையாக எழுதி டிக்கெட்டை மூடக்கூடாது.

மூன்றாவது பழுது எனக்கு வரவில்லை, கூட வேலை செய்யும் ஒருவருக்கு வந்தது. அவருடையது ஆண்ட்ராய்டு 6. எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்தைத் திறந்தாலே இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பாகக் காட்டும். இணையத்தில் ஒரு சர்வர் தன்னை யார் என்று காட்டச் சான்றிதழ் நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டவரை போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் பட்டியல் போனோடு வருகிறது, அப்டேட் நின்றால் பட்டியலும் நின்றுவிடுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு உலகம் முழுக்க இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்கு அதன் சொந்தக் கையெழுத்து தெரியாது. வேறொரு அமைப்பின் பழைய கையெழுத்தை வைத்துத்தான் அதுவரை ஓட்டினார்கள். அது 2021 செப்டம்பர் 30-இல் காலாவதி ஆக இருந்தது. 2020 கடைசியில் அவர்கள் எடுத்துக்காட்டிய கணக்குப்படி, புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பழையவை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அது தன் பட்டியலைத் தானே எடுத்துக்கொண்டு வரும். அப்புறம் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பட்டியலில் மேலே இருக்கும் அந்த மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பழைய ஆண்ட்ராய்டு சரிபார்ப்பதே இல்லை! அந்த ஓட்டையையே வழியாக்கி, பழைய அமைப்பிடமே இன்னொரு கையெழுத்து வாங்கி, மேலும் மூன்று வருஷத்துக்கு அந்த போன்களை ஓட்டிவிட்டார்கள். காசு கொடுக்காத, பெயர்கூடத் தெரியாத ஆட்களுக்காக இதைச் செய்தார்கள். படித்தபோது எனக்கு எங்கள் பழைய ஃபோர்மேன் நினைவு வந்தார். கேம் தேய்ந்துபோன மெஷினில் ஒரு வாஷரைச் செருகி, ஸ்பேர் வரும்வரை ஓட்டிக்கொடுப்பார்.

நாலாவதைப் பழுது என்று சொல்ல முடியாது. அது ஒரு நிபந்தனை. புது போன் வைத்திருக்கும் எங்கள் ஜூனியர் தம்பி உங்கள் செயலியைப் போட்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து கடைசியில் ஒரு திரை வந்தது. இந்தச் செயலியை உங்கள் சாதனத்தின் நிர்வாகியாக ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு, கீழே ஒரு பட்டியல்: எல்லாத் தரவையும் அழித்தல், பூட்டுக்கான விதிகளை வைத்தல், திறக்கும் முயற்சிகளைக் கண்காணித்தல், திரையைப் பூட்டுதல். தம்பி என்னிடம் காட்டி, "அண்ணா, இதுல முதல் வரி என்ன சொல்லுது?" என்றார். எச்சரிக்கை இல்லாமல் போனில் இருப்பதை முழுக்க அழிக்கலாம் என்று சொல்லுது என்றேன். அவர் போனில் நாலு மாதக் குழந்தையின் படங்கள் இருந்தன. பின்னால் போகும் பொத்தானை அழுத்திவிட்டார். ஆதரவு உள்ள சாதனம்தான். அதிலும் மெயில் இல்லை.

போன் தொலைந்தால் கம்பெனி மெயிலை அழிக்க வழி வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்காக முழு போனையும் கேட்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் வேலைக்கென்று தனி அறை போட்டுத் தடுக்கும் வசதி 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. ஆபீஸ் செயலிகள் மேல் சின்னதாக ஒரு பிரீஃப்கேஸ் படம் ஒட்டியிருக்கும். அழித்தால் அந்த அறை மட்டும்தான் காலியாகும். பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கும் சாவியை விட்டுவிட்டு ஏன் வீட்டுப் பத்திரத்தையே கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி, மெயில் இல்லாத இந்த மாதங்களில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இதைப் படித்தால் உங்களுக்கே தூக்கம் வராது.

ராஜபாளையத்தில் ஒரு மில். நூல் நூற்கும் 1,008 ஸ்பிண்டில் ரிங் ஃப்ரேம், அதன் மோட்டாரை ஓட்டும் டிரைவ் போர்டு போய்விட்டது. அந்தப் போர்டு இப்போது தயாரிப்பில் இல்லை, மாற்றுப் போர்டைக் கொஞ்சம் வயரிங் மாற்றிப் போட வேண்டும். டிசைன் பிரிவு வயரிங் படத்தை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டது. ஸ்பின்னிங் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "மெயில் வந்துருச்சாமே, பார்த்தீங்களா?" என்கிறார். என்னத்தைப் பார்ப்பது. ஆபீஸில் கோஆர்டினேட்டர் மேடத்துக்கு போன் போட்டேன். அவர் தன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, மானிட்டரை போனால் படம் பிடித்து, சர்வீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படம் முழுக்க வானவில் மாதிரி வரிவரியாகக் கோடு. ஒரு டெர்மினல் எண் 33-ஆ 38-ஆ என்று தெரியவில்லை. இன்னொரு படம். அதிலும் தெரியவில்லை. கடைசியில் அவர் ஒவ்வொரு வயராகப் படிக்க, நான் கையில் எழுதிக்கொண்டேன். கட்டிங் பிளையரைக் கையில் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்த 1,008 ஸ்பிண்டிலும் நின்றுகொண்டிருந்தன, மாஸ்டரும் நின்றுகொண்டிருந்தார்.

ராத்திரி அந்தப் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது படத்தில் மானிட்டரின் வலது ஓரமும் விழுந்திருந்தது. அங்கே வேறொரு மில்லுக்கு அனுப்பிய கொட்டேஷன் திறந்திருக்கிறது. விலை, தள்ளுபடி சதவீதம், எல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. டெர்மினல் எண்தான் தெரியவில்லை, தள்ளுபடி நன்றாகத் தெரிந்தது! அந்தக் குழுவில் 41 பேர். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்கு ஆகிறது. அவர்களில் ஒருவர் இப்போது போட்டிக் கம்பெனியில் இருக்கிறார். யாரும் குழுவில் இருந்து எடுக்கவில்லை.

மேடத்தைக் குறை சொல்லாதீர்கள். அவர் இல்லாவிட்டால் அன்று மெஷின் ஓடியிருக்காது. அவருக்கு என் மெயில் பாஸ்வேர்டும் தெரியும், நான்தான் கொடுத்தேன். காலை பத்து மணிக்கு அவர் என் கணக்கில் நுழைவார், ஓடிபி என் போனுக்கு வரும், நான் ஏணிமேல் நின்றபடி ஆறு எண்களைக் கத்துவேன். நீங்கள் இரட்டைச் சரிபார்ப்பு என்று எதை வைத்தீர்களோ, அது எங்கள் இரண்டு பேருக்கும் நடக்கும் காலை வணக்கம் ஆகிவிட்டது. இன்னொருவர் ஆபீஸ் மெயில் எல்லாம் தன் சொந்த ஜிமெயிலுக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார். அதை அதே ஆண்ட்ராய்டு 6 போனில்தான் படிக்கிறார்.

பழைய போனில் கம்பெனித் தகவல் இருக்கக்கூடாது என்றுதானே கதவைச் சாத்தினீர்கள். தகவல் அதே பழைய போனுக்குத்தான் வந்து சேருகிறது. நீங்கள் பார்க்க முடியாத, அழிக்க முடியாத, கணக்கு வைக்க முடியாத வழியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பயத்தைச் சும்மா என்று நான் சொல்லவில்லை. 2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்று ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒரு படச் செய்தி வந்தாலே போதும், திறக்காமலேயே போனுக்குள் ஆள் நுழையலாம். அதற்கப்புறம்தான் ஆகஸ்ட் 2015 முதல் கூகுள் மாதாமாதம் ஓட்டை அடைக்கும் வேலையைத் தொடங்கியது. என் போனுக்குக் கடைசியாக அப்படி வந்தது 2020-இல். அதற்கப்புறம் கண்டுபிடித்த ஓட்டைகள் எல்லாம் என் சட்டைப்பையில் திறந்தேதான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த 139-ஆம் பதிப்பு முதல் குரோமும் ஆண்ட்ராய்டு 10 வேண்டும் என்கிறது. தெரிகிறது. இந்த போனின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. எத்தனை பேர் கையில் இப்படிப்பட்ட போன் இருக்கிறது, யாருக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டு ஒரு தாள் வந்திருந்தால் நானே முதல் ஆளாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

நம் கம்பெனி இதில் பழக்கமில்லாத கம்பெனியும் இல்லை, அதுதான் வேடிக்கை. 1998-இல் விற்ற மெஷினுக்கு இன்றும் ஸ்பேர் கொடுக்கிறோம். ஒரு போர்டை நிறுத்துவதென்றால் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே கடிதம் போகும்: இந்தத் தேதிக்கு மேல் இது கிடைக்காது, மாற்று இது, வேண்டுமானால் இப்போதே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை மில் மில்லாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தவன் நான். எந்த மாஸ்டரிடமாவது போய் "உங்கள் மெஷினுக்கு ஆதரவு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால் கேட்டுக்குள் மறுபடி விடமாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். என் டூல் பெட்டியில் இருக்கும் மல்டிமீட்டர் கம்பெனியுடையது. டார்க் ரெஞ்ச் கம்பெனியுடையது. இரண்டிலும் அளவு சரிபார்த்ததற்கான காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடுத்த தேதி தாண்டிவிட்டால் நீங்களே வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பீர்கள். தேதி முடிந்த மீட்டரோடு மில்லுக்குப் போனால் என்மேல் தப்பு. ஆனால் "தேதி முடிஞ்சுடுச்சு, சொந்தக் காசில் புது மீட்டர் வாங்கிட்டு வா" என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. போனை மட்டும் நாங்கள் வாங்க வேண்டும், எது வாங்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், எப்போது பழசாகும் என்று செயலிக் கம்பெனி சொல்லும், அழிக்கும் உரிமையும் உங்களிடம் இருக்கும். பதினைந்தாயிரம் ரூபாய் போன் என்றால் எங்கள் ஃபிட்டர் ஒருவருக்கு அரை மாதச் சம்பளத்துக்கு மேல்.

நடுவில் ஒரு பழைய கதை. 2010 வாக்கில் எங்கள் ஜி.எம். கையில் பிளாக்பெர்ரி இருக்கும். ஆபீஸ் மெயில் என்றாலே அந்த போன்தான், அதன் சின்னச் சின்னப் பொத்தான்களைப் பார்த்து எங்களுக்கெல்லாம் ஏக்கம். அந்தக் கம்பெனியே 2022 ஜனவரி 4-இல் தன் பழைய போன்களுக்கான சேவைகளை நிறுத்தியது; அதற்கப்புறம் அவற்றில் பேசுவதற்கே உத்தரவாதம் இல்லை. ஜி.எம்-முக்கு மட்டும் புது போன் கம்பெனிக் கணக்கில் வந்தது. தவறு என்று சொல்லவில்லை. வழி தெரியாமல் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிக்கெட்டில் எந்தப் பழுது என்று எழுதுங்கள்: செயலி இறங்கவில்லையா, உள்நுழையும் முறையா, சான்றிதழா, நீங்களே வைத்த விதியா. நாலாவது என்றால் நாலாவது என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். சர்வீஸ் ஆட்களுக்கு போனில் உலாவி வழியாகவாவது மெயிலைத் திறந்துவிடுங்கள். இணைப்பைப் படிக்கலாம், போனில் இறக்க முடியாது என்று கட்டுப்படுத்தும் வசதி உங்கள் சேவையில் இருக்கிறதா என்று பாருங்கள்; பெரிய சேவைகளில் இருக்கிறது. எனக்கு வயரிங் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் போதும், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டப்போவதில்லை. போனை நிர்வகிக்க வேண்டும் என்றால் அந்தத் தனி அறையை மட்டும் நிர்வகியுங்கள். கட்டாயம் புது போன்தான் வேண்டும் என்றால் சர்வீஸ் ஆட்களுக்கு மல்டிமீட்டர் மாதிரி அதையும் கம்பெனிக் கணக்கில் கொடுங்கள். ராஜினாமா செய்யும் அன்று பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால், எந்தத் தேதிக்குள் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் எந்த மாதம் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்து வெளியே போன இரண்டு பேரை எடுக்கச் சொல்லி நானே அட்மினிடம் சொல்லிவிட்டேன். தள்ளுபடி தெரியும் படத்தையும் மேடம் அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ.

டிக்கெட்டை மறுபடி புதிதாகப் போட்டிருக்கிறேன். வரும் திங்கள் மறுபடியும் ராஜபாளையம்தான். அதே மில், பக்கத்து ஃப்ரேம், அதே போர்டு மாற்றும் வேலை. வயரிங் படம் என் மெயிலுக்கு வந்துவிட்டதாம். நாலரைக்குச் சிங்காநல்லூரில் பஸ். அதற்குள் உங்கள் பதில் இருந்தால் தயவுசெய்து மெயிலில் போடாதீர்கள், போன் பண்ணிவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவில் ஒருவன்,
கோயம்புத்தூர்